மோர்கம்ப் மணலில் நான்கு நாள்

2024 ஜூன் 5, புதன்

இங்கிலாந்தின் லங்காஸ்டரில் படிக்கும் மகளோடு, கடற்கரை ஊரான மோர்கம்ப் வந்து சேர்ந்தேன். இங்கும் வண்டிகள் இடப்பக்கம்தான் ஓடுகின்றன, சாலை கடப்பதில் சிரமமில்லை. இரவு ஒன்பது மணிக்கும் பகல் போல வெளிச்சம்.

ஜூன் 6, வியாழன்

கை நடுக்கம் நிற்பதற்குள் எழுதிவிடுகிறேன். இரவு ஒன்பதரை. சூரியன் இன்னும் முழுசாக இறங்கவில்லை. நாங்கள் போனபோது கடலையே காணோம், எதிர்க்கரையின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகள்வரை வெறும் மணல். மெரினாவில் நடக்கும் நினைப்பில் இறங்கிவிட்டேன். சென்னையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுதான். இங்கே பெரிய ஏற்றத்தில் பத்து மீட்டரை நெருங்குமாம். அது எனக்கு அப்போது தெரியாது.

முந்நூறு அடி போயிருப்போம். காலடியில் மணல் கெட்டித் தயிர் மாதிரி அதிர்ந்தது. அடுத்த அடியில் வலது கால் கணுக்கால்வரை போய்விட்டது. காலை இழுத்தேன், செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது. கரையில் நாயோடு நின்ற பெரியவர் இரண்டு கையையும் வீசிக் கத்தினார். "அம்மா, செருப்பை விடு, வா!" என்றாள் மகள். திரும்பினால், வரும்போது ஈரமாக மட்டும் இருந்த பள்ளத்தில் தண்ணீர் ஓடுகிறது. முன்னால் அலையே இல்லை, முதுகுக்குப் பின்னால் கடல் வந்துவிட்டது! முழங்கால் அளவில் கடந்து கரையேறினோம்.

ஜூன் 7, வெள்ளி

பெரியவரை மறுபடி பார்த்து நன்றி சொன்னோம். பொறுமையாக விளக்கினார். கால் புதைந்தால் உதறக்கூடாது. பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, உடம்பின் பாரத்தைப் பரப்பி, காலை மெல்ல ஆட்டி எடுக்க வேண்டும். 999 என்ற அவசர எண்ணை அழைத்து, கோஸ்ட்கார்ட் என்னும் கடலோர மீட்புப் படை வேண்டும் என்று கேட்க வேண்டும். கூட வந்தவர் பக்கத்தில் ஓடினால் அவரும் புதைவார். சேற்றிலும் ஓடும் ஹோவர்கிராஃப்ட் ஒன்றை மீட்புக்காக 2002 முதல் இங்கே வைத்திருக்கிறார்கள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் ஏற்றம் பெரிதாம். நேற்று அமாவாசை என்று வெங்காயம் சேர்க்காமல் சமைத்தவள் நான். அதைக் கடலோடு சேர்த்து நினைக்கத் தோன்றவில்லையே!

அப்புறம் 2004-ஐப் பற்றிச் சொன்னார். பிப்ரவரி 5 இரவு, இந்தக் குடாவில் மட்டி பொறுக்க இறக்கப்பட்ட சீனத் தொழிலாளர்கள் குறைந்தது 21 பேர் மூழ்கிப் போனார்கள். ஊரும் புதிது, பாஷையும் தெரியாது.  இரவெல்லாம் அதே நினைப்பு.

ஜூன் 8, சனி

மணலைக் கடக்க ஆசைப்படுபவர்களுக்கு, அரச நியமனம் பெற்ற வழிகாட்டி இருக்கிறார். 16ஆம் நூற்றாண்டிலிருந்து தொடரும் பதவி. செட்ரிக் ராபின்சன் என்பவர் 1963 முதல் 2019 வரை அதில் இருந்தார். குடாவுக்குள் ஓடும் ஆற்றின் போக்கு மாறிக்கொண்டே இருப்பதால் முன்கூட்டியே தடம் பார்த்து, லாரல் கிளைகளை நட்டு அடையாளம் வைப்பார்களாம். அப்படி ஒரு வழிகாட்டியோடு என்றால் போகலாம். தனியாக இனி ஒரு அடிகூட இறங்க மாட்டேன், மகளையும் விட மாட்டேன்.

கடலேற்ற அட்டவணையை வாங்கிக்கொண்டு, முற்பகலில் கல் பாலத்தின் நுனியில் போய் உட்கார்ந்தோம். முதலில் பள்ளங்களில் வெள்ளிக் கோடுகள். சரி, இன்னும் நேரமிருக்கிறது என்று பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினேன். டம்ளர் காலியாவதற்குள் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. நடுவில் ஒரு மணல்திட்டு மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. மகள் என் கையை விடவேயில்லை.