மின்னலடித்த ரிக்கும் சர்வேயரின் ரிப்போர்ட்டும்

வீட்டு இன்சூரன்ஸ் இருந்தால் ரிக்கும் (ரேடியோ செட்) அதில் அடங்கிவிடும் என்றுதான் நம் ஹாம்களில் (அமெச்சூர் ரேடியோக்காரர்களில்) பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில், கட்டடத்துக்கு எடுத்த தொகையில் 20 சதவீதம் (உச்சவரம்பு 10 லட்சம்) வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே கிடைக்கும். கட்டடம் 30 லட்சம் என்றால் பொருள்களுக்கு 6 லட்சம். அந்தப் பொருள்களின் வரையறையில் ஆன்டெனா பெயர் சொல்லியே இருக்கிறது. சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் தயங்கினால் அந்த வரியைக் காட்டுங்கள். ஆனால் சாதாரணத் திருட்டு இதில் வராது. புயல், வெள்ளம் போன்றவை வந்து, அதையொட்டி 7 நாளுக்குள் களவு போனால்தான் உண்டு.

சிக்கல் மின்னலில்தான். மின்னல் பாலிசியில் உண்டு. ஆனால் விலக்குகளில், ஷார்ட் சர்க்யூட், ஆர்க்கிங், மின்கசிவு ஆகியவற்றால் கெட்ட அந்தக் கருவிக்கு மட்டும் பணம் இல்லை, காரணம் மின்னலாகவே இருந்தாலும் சரி, என்று ஒரு வரி ஒளிந்திருக்கிறது. சர்வீஸ்காரர் பழக்கதோஷத்தில் 'ஷார்ட் ஆகிவிட்டது' என்று எழுதிக் கொடுத்தால் க்ளெய்ம் அங்கேயே படுத்துவிடும். கண்ணால் பார்த்ததை எழுதச் சொல்லுங்கள்: உருகிய கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்) கனெக்டர், கருகிய பாலன் (ஆன்டெனாவையும் கேபிளையும் இணைக்கும் மின்மாற்றி), ஆன்டெனா நுழையும் இடத்தில் ஆவியான சர்க்யூட் போர்டு தடம். சேதம் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) பக்கம் மட்டும் என்றால் வாதம் பலவீனம்தான். விலையுயர்ந்த ரிக் வைத்திருப்பவர்கள் எலக்ட்ரானிக் எக்யூப்மென்ட் பாலிசியைத் தனியாக விசாரிப்பது நல்லது. ஓவர்வோல்டேஜ் (மின்னழுத்தம் எகிறுவதால் வரும்) சேதம் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள்.

சர்வேயர் வரும்வரை எதையும் கழற்றாதீர்கள், அறுந்த கோஆக்ஸைக்கூட. சீரியல் நம்பர் தெரியும் போட்டோ, பில், ஹாம் லைசென்ஸ் நகல் தயாராக இருக்கட்டும். செகண்ட் ஹேண்ட் செட் என்றால், வாங்கும்போதே சீரியல் நம்பரோடு ரசீது எழுதி வாங்கி, பணத்தை பேங்க் வழியாகக் கொடுத்திருக்க வேண்டும். வீட்டில் கட்டிய லீனியருக்கு (சிக்னல் சக்தியைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர்) உதிரிபாக பில்கள்தான் ஆதாரம். உழைப்புக்கு யாரும் காசு தர மாட்டார்கள்.

விலை பேசும் இடத்தில்தான் கவனம் தேவை. சர்வேயருக்கு ரிக் என்றால் வாக்கி டாக்கி. உற்பத்தி நின்றுபோன யேசு எஃப்டி-857டி-க்கு ஈடாக எஃப்டி-891 விலையைப் போட்டுவிடுவார். அதில் 144, 430 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகள் (அலைவரிசைகள்) கிடையாது, எனவே அது ஈடாகாது. பேண்டு வாரியாக ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதி, சுங்கவரி சேர்ந்த கொட்டேஷனோடு கொடுங்கள். செத்த ரிக்கை நீங்களே வைத்துக்கொண்டால் சால்வேஜ் (மிச்சப் பொருளின் மதிப்பு) என்று ஒரு தொகை கழிப்பார்கள். பைனல்ஸ் (ரிக்கின் கடைசி நிலை பவர் டிரான்சிஸ்டர்கள்) பிழைத்திருந்தால் கழித்தாலும் லாபம்தான்.