இரண்டு வண்டிகளும் ஒரு மைத்துனனும்

வண்டிக்குள்ளேயே ஒரு வீடு இருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசை எங்கள் குடும்பத்துக்குள் நுழைந்த நாளிலிருந்து வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது. யாரோ ஆண்டு அனுபவித்துவிட்டு விற்கிற பழைய மோட்டார் ஹோம் ஒன்றை வாங்கி, பெட்டி படுக்கையை ஏற்றிக்கொண்டு உடனே கிளம்பிவிட வேண்டும் என்பது என் மனைவியின் கட்சி. காலியான சரக்கு வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி அனைத்தையும் நம் கையாலேயே அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவளுடைய தம்பியின் கட்சி. ஓர் ஆணியைக்கூட நேராக அடிக்கத் தெரியாத நான் இருவருக்கும் நடுவராக நியமிக்கப்பட்டேன். எந்தப் பக்கமும் சாய இயலாத அளவுக்கு எனக்கு ஒன்றும் தெரியாது என்பதே என்னிடம் அவர்கள் கண்ட தகுதி.

மைத்துனன் தன் வாதத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தான். வேனின் விலை, பலகையின் விலை, பேட்டரி, சோலார் பேனல், குளிர்சாதனப் பெட்டி என்று வரிசையாகப் போட்டுக் கூட்டியபோது, பழைய மோட்டார் ஹோம் ஒன்றின் விலையில் ஏறக்குறைய பாதிதான் வந்தது. கூலி என்ற பத்தியில் சுழியம் போட்டிருந்தான். "நான் செய்வதற்கு எதற்கு அத்தான் கூலி?" என்றான். அந்தப் பட்டியலில் திருகாணிகள் இல்லை, இடுக்குகளை நீர் புகாமல் அடைக்கும் பசையான சீலண்ட் இல்லை, மின்கம்பி முனைகள் இல்லை, உடைந்துபோகப் போகிற ரம்பத் தகடுகள் இல்லை, வளைவில் திரும்பும்போது இழுப்பறைகள் தாமாகத் திறந்து பாத்திரங்களைத் தரையில் இறக்கிவிடாமல் பிடித்துக்கொள்ளும் தாழ்கள் இல்லை. வேனைக் கட்டுகிறவர்களின் பணம் பெரிய பொருள்களில் போவதைவிட, கைப்பிடிக்குள் அடங்குகிற இந்தச் சில்லறைப் பொருள்களில்தான் அதிகம் கரைகிறது என்பதை நாங்கள் பிறகுதான் கண்டோம்.

மனைவிக்கு நோட்டுப் புத்தகம் தேவைப்படவில்லை; அவளிடம் மூக்கு இருந்தது. விற்பனைக்கு நின்ற வண்டிகளைப் பார்க்கப் போகும் இடமெல்லாம், விற்பவர் கதவைத் திறந்து பெருமைகளைச் சொல்லத் தொடங்கும்முன் அவள் உள்ளே ஏறி, ஒரு வார்த்தையும் பேசாமல் மூச்சை இழுத்துக்கொண்டு நிற்பாள். எல்லா ஜன்னல்களும் திறந்திருந்து, போதாக்குறைக்கு எலுமிச்சை மணமும் வீசினால் வந்த வழியே இறங்கிவிடுவாள். முதலில் இது எனக்கு அதிகப்படியாகத் தோன்றியது. ஆனால் பழைய மோட்டார் ஹோமின் பரம எதிரி எஞ்சினில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. சுவரும் கூரையும் சேருகிற மூட்டுகள், கூரை ஜன்னல், பக்க ஜன்னல்களின் ஓரங்கள் ஆகியவற்றில் பூசப்பட்ட சீலண்ட் ஆண்டுகள் போகப்போகக் காய்ந்து வெடிக்கிறது. மழைநீர் மெல்ல உள்ளே இறங்கி, வெளித்தகட்டுக்கும் உள்பலகைக்கும் நடுவே இருக்கும் மரச்சட்டத்தை ஆண்டுக்கணக்கில் ஊறவைக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பளபளப்பாக இருக்கும் வண்டியின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும். தரையில் நடந்தால் கால் லேசாக அமுங்கும்.

அதனால் மூக்குக்குத் துணையாக ஈரப்பத மானி ஒன்றையும் வாங்கிக்கொண்டாள். அதன் இரு முனைகளையும் பலகையில் அழுத்தினால் ஈரத்தின் சதவீதத்தைக் காட்டும். 15 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை, 20-ஐத் தாண்டினால் விசாரிக்க வேண்டும், 30-ஐ நெருங்கினால் விற்பவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு வெளியேற வேண்டும். ஒரு வண்டியில் கதவருகே 12 காட்டிய மானி, பின்மூலையை நோக்கி நகர நகர 17, 22, 28 என்று ஏறிக்கொண்டே போனது. அதற்கு ஈடாக விற்பவரின் விளக்கங்களும் ஏறின. 17-க்கு நேற்று வண்டியைக் கழுவியதாகச் சொன்னார். 22-க்குக் காலநிலையைக் காரணம் காட்டினார். 28-க்கு மானியே பழுதாக இருக்கலாம் என்றார். மனைவி மானியைத் தன் உள்ளங்கையில் அழுத்திப் பார்த்துவிட்டு, "இல்லை, என் கையிலும் சரியாகத்தான் காட்டுகிறது" என்றாள். அவர் அதன் பிறகு எதுவும் பேசவில்லை.

இன்னொருவர் தம் வண்டி மிகக் குறைவாகவே ஓடியிருக்கிறது என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கார் வாங்குகிறவர்களுக்கு இது நல்ல செய்தி. மோட்டார் ஹோம் வாங்குகிறவர்கள் இதைக் கேட்டவுடன் குனிந்து டயரைப் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு எண்கள், அது எந்த ஆண்டின் எத்தனையாவது வாரத்தில் தயாரானது என்பதைச் சொல்லும். அங்கே 1409 என்று இருந்தது. அதாவது 2009-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். தேயவே தேயாத அந்த டயர்களின் பக்கச் சுவரில் நுண்ணிய வெடிப்புகள் ஓடியிருந்தன. "ஒரு முறைகூட மாற்றியதில்லை" என்று அவர் பெருமையாகச் சொன்னார். எஞ்சினுக்குள் ஓடும் ரப்பர் பட்டையான டைமிங் பெல்ட்டைப் பற்றிக் கேட்டபோதும் அதே பெருமையோடு அதே விடையைத் தந்தார். ரப்பர் ஓட்டத்தால் மட்டுமல்ல, வயதாலும் கெடும் என்பதை அவரிடம் சொல்லி அவர் மகிழ்ச்சியைக் கெடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

கடைசியில் நாங்கள் வாங்கியது ஒரு குளிர்சாதனப் பெட்டியின் தயவால். மோட்டார் ஹோம்களில் பெரும்பாலும் இருப்பது உறிஞ்சல் முறையில் இயங்கும் பெட்டி. 1922-இல் பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரு சுவீடன் மாணவர்கள் கண்டுபிடித்த முறை அது. சுழலும் உறுப்பு ஏதும் இல்லாமல், வெப்பத்தைக் கொடுத்துக் குளிரை வாங்குகிற விந்தை. வண்டி பேட்டரியின் 12 வோல்ட், வெளி மின்சாரம், எரிவாயு ஆகிய மூன்றில் எதிலும் ஓடும். ஆனால் குளிர்வதற்குப் பல மணி நேரம் ஆகும், வண்டியும் சமமான தரையில் நிற்க வேண்டும். இது தெரிந்த விற்பனையாளர்கள், பொத்தானை அழுத்தி விளக்கு எரிவதைக் காட்டிவிட்டு, "பாருங்கள், வேலை செய்கிறது" என்று அடுத்த அறைக்கு அழைத்துப் போய்விடுவார்கள். மனைவி ஒரு வெப்பமானியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு இருக்கையில் சாய்ந்தாள். விற்பவர் முதலில் சிரித்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு உள்ளே போய்த் தம் மனைவியை அழைத்து வந்து காட்டினார். மாலையில் வெப்பமானி 6 டிகிரி காட்டியது. "இனி எரிவாயுவில் போட்டுப் பார்க்கலாமா?" என்று இவள் கேட்ட அந்த நொடியில்தான் அவர் விலையை இறக்கினார் என்பது என் ஊகம்.

மைத்துனன் அதுவரை காத்திருக்கவில்லை. அவன் வாங்கிய வேனின் உட்புறத்தை முதன்முறையாகப் பார்த்தபோது எனக்குப் புரிந்த ஒரே விஷயம், அதற்குள் எங்கும் ஒரு நேர்க்கோடு கிடையாது என்பதுதான். சுவர் மேலே போகப்போக உள்நோக்கி வளைகிறது. தகட்டு விலாக்கள் நினைத்த இடத்தில் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அவன் ரசமட்டத்தை வைத்து அலமாரி பொருத்தத் தொடங்கியபோது, வண்டி நிற்கும் தரையே சரிவாக இருப்பதை மறந்திருந்தான். ரசமட்டத்தின்படி நேராக அமைந்த அலமாரி, வண்டிக்குள் நின்று பார்ப்பவருக்குத் தலை சுற்றும்படி இருந்தது. அதன் பிறகு ரசமட்டத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அட்டைப் பெட்டிகளை வெட்டி வளைவுக்கேற்ற மாதிரி அச்சுகள் செய்து, அவற்றை வைத்துப் பலகையை அறுத்தான். தெருவில் யார் வீட்டுக்குப் பெரிய பொருள் வந்து இறங்கினாலும் அதன் அட்டை எங்கள் மைத்துனனுக்குத்தான் என்ற நிலை உருவானது.

கூரையில் காற்றாடி பொருத்துவதற்காக 40 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் சதுரம் வெட்டிய நாளை அவன் வாழ்க்கையின் முக்கியமான நாள்களில் ஒன்றாகச் சொல்வான். நல்ல தகட்டில், மழை பெய்யும் உலகத்தில், தன் பணத்தில் வாங்கிய வண்டியின் தலையில் ஓட்டை போடுவதற்குத் தனி மனத்திடம் வேண்டும். அவன் மேலே ஜிக்சா என்ற மின்ரம்பத்தோடு மண்டியிட்டிருந்தான்; இரும்புத் துகள்கள் கண்ட இடத்தில் விழுந்தால் ஓரிரு நாளிலேயே துருவேறி வர்ணத்தைக் கெடுத்துவிடும் என்பதால், நான் கீழே பழைய படுக்கை விரிப்பை விரித்துப் பிடித்தபடி நின்றிருந்தேன். வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து, துருத் தடுப்பு வர்ணம் பூசி, காற்றாடியைச் சுற்றிச் சீலண்டைத் தாராளமாக இட்டு முடித்தான். பிறகு வானத்தைப் பார்த்தான். மழை வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டு அவனே மழையாகப் பெய்தான். ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை.

அந்த வெற்றியைக் கொண்டாட நானும் அவனும் அன்றிரவு வேனுக்குள்ளேயே படுத்தோம். காலையில் என் நெற்றியில் தண்ணீர் சொட்டியது. அவன் அலறிக்கொண்டு எழுந்து, இன்னும் இடுப்பில் போர்வையோடு கூரைமேல் ஏறிச் சீலண்டை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தான். அது மழையும் இல்லை, கசிவும் இல்லை. நாங்கள் இருவரும் இரவெல்லாம் விட்ட மூச்சு. இருவர் ஓரிரவில் வெளியேற்றும் நீராவி அரை லிட்டருக்குக் குறையாது. குளிர்ந்த தகட்டைத் தொட்டதும் அது நீராகிவிடும். காற்றாடியை ஓடவிட்டிருந்தால் வெளியே போயிருக்கும்தான். குளிர் உள்ளே வரும் என்று அதை மூடி வைத்தவன் யார் என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு.

எரிவாயு விஷயத்தில் வேடிக்கை வேறு விதமாக நடந்தது. முதலில் அவன் எரிவாயுவே வேண்டாம், மின் அடுப்பு போதும் என்றிருந்தான். 2,000 வாட் அடுப்பை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால் கம்பியில் ஏறக்குறைய 167 ஆம்பியர் ஓடும் என்பதும், அதைத் தாங்கும் கம்பி விரல் பருமன் இருக்கும் என்பதும், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று சேர்த்து வைத்திருக்கும் 1,280 வாட்-மணி நாற்பது நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும் என்பதும் தெரிந்த பிறகு, எரிவாயுவின்மேல் அவனுக்குத் திடீர் மரியாதை பிறந்தது. ஆனால் அந்த வாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். ஆகவே உருளை இருக்கும் அறையின் அடிப்பகுதியில், வெளியே திறக்கும் துளை கட்டாயம் வேண்டும். எறும்புகூட நுழையாதபடி தரையை அடைத்துவிட்டேன் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தவன், அதே தரையில் அன்று மாலை துளை போட்டான். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியை மட்டும் சொல்லாமலே வாங்கி மாட்டினான். அதற்காக அவனை மனமாரப் பாராட்டுகிறேன்.

இதற்கிடையே எங்கள் மோட்டார் ஹோமில் ஒரு மர்மம் இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், வேறெதுவும் நடக்காது. கையேட்டில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை, விற்றவருக்கும் தெரியவில்லை. பிறர் கட்டிய வண்டியை வாங்குவதன் சங்கடம் இது: அவர்களுடைய பழைய யோசனைகளும் சேர்ந்தே வருகின்றன. மைத்துனன் ஆவலோடு வந்து பலகைகளைக் கழற்றிக் கம்பியைத் தொடர்ந்து போனான். அது சுவருக்குள் நுழைந்து, அலமாரிக்குப் பின்னால் திரும்பி, தரைக்கடியில் ஓடி, பின்புறத்தில் எதனோடும் சேராமல் நாடா ஒட்டப்பட்டு முடிந்திருந்தது. "என் வண்டியில் ஒவ்வொரு கம்பியும் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும்" என்றான் அவன். "உன் வண்டி எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை" என்றாள் அக்கா. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நாங்கள் போய்த் திரும்பும்போதெல்லாம், எப்போது கிளம்புகிறாய் என்று அவனைக் கேட்போம். அவன் புதிதாக வந்திறங்கிய பொருளைக் காட்டுவான். என் கணிப்பில் அவனுக்கு ஊர் சுற்றும் ஆசையே இல்லை. கட்டும் ஆசை இருக்கிறது, பயணம் அதற்கு ஒரு நல்ல சாக்கு. அப்படிப்பட்டவர்கள் தாராளமாக வேன் வாங்கலாம். கடலையோ மலையையோ பார்க்க வேண்டும் என்பவர்கள் ஈரப்பத மானி வாங்குவது நல்லது.

கடைசியாக இரு வண்டிகளையும் எடைமேடைக்குக் கொண்டுபோனோம். இரண்டின் பதிவிலும் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,500 கிலோ. எங்களுடையது முதலில் ஏறியது. தண்ணீரும் சாமான்களும் நிரம்பிய நிலையில், நாங்கள் இறங்கி நின்றபோது 3,190 கிலோ. அடுத்து மைத்துனன் தன் வேனை ஏற்றி நிறுத்திவிட்டு இறங்கினான். அவன் எல்லாவற்றையும் 18 மில்லிமீட்டர் பலகையில் கட்டியிருந்தான். 8 அடிக்கு 4 அடி பலகை ஒன்றே, மரத்தைப் பொறுத்து, 30 கிலோவைத் தாண்டும். தண்ணீர்த் தொட்டியில் 100 லிட்டர், அதாவது 100 கிலோ. கருவிப் பெட்டிகளை இறக்க அவனுக்கு மனம் வரவில்லை. எண்கள் சற்று ஆடிவிட்டு 3,430-இல் நின்றன.

"மீதி 70 கிலோ" என்றாள் மனைவி. "நீ எவ்வளவு இருக்கிறாய்?"

"82" என்றான்.

"அப்படியானால் வண்டி போகலாம், நீ போக முடியாது."

அவன் முகம் வாடும் என்று நினைத்தேன். அவனோ வேனைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, இதுவரை நான் பார்க்காத உற்சாகத்தோடு திரும்பி வந்து, "எல்லாவற்றையும் கழற்றி 9 மில்லிமீட்டர் பலகையில் மறுபடியும் கட்டிவிடலாம் அத்தான், படுக்கையையும் குறுக்காகப் போட்டுவிடலாம்" என்றான்.