கதவைத் தட்ட ஒருவர்

பிள்ளை பிறக்கும் வரையில், பிழைக்க வந்த ஊரில் நமக்கு யாருமில்லை என்பது அவ்வளவாக உறைப்பதில்லை. வேலை இருக்கிறது, வாடகை வீடு இருக்கிறது, பொங்கலுக்கு ஊருக்குப் போகப் பேருந்து இருக்கிறது என்று காலத்தை ஓட்டிவிடலாம். கைக்குழந்தை ஒன்று வந்த பிறகுதான், நள்ளிரவில் அதற்குக் காய்ச்சல் கொதித்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்ற கேள்வி எழுகிறது. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வடசென்னையின் திருவொற்றியூருக்கு வந்த எனக்கும் அப்படித்தான் எழுந்தது. தமிழ் பேசும் எனக்கே இந்த நிலை என்றால், ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்திலிருந்து ரயிலேறி வந்து மணலியிலும் எண்ணூரிலும் கூலி வேலை பார்க்கும் குடும்பங்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் அப்படி ஒரு குடும்பம் குடியிருக்கிறது. அந்தப் பெண் ஒருநாள் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக மடித்து வைத்திருந்த தடுப்பூசி அட்டையை என்னிடம் நீட்டினார். 9 மாதத்தில் போட்ட தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு நேரே தேதி இருந்தது. 16 முதல் 24 மாதங்களுக்குள் போட வேண்டிய இரண்டாவது தவணைக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது. அக்கறை இல்லாமல் இல்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுச் சனிக்கிழமையன்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். இங்கே தடுப்பூசி என்றால் புதன்கிழமை என்பது தெருவில் பேச்சுவாக்கில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அந்தப் பேச்சில் அவருக்கு இடமில்லாததால் அது அவர் காதுக்கு எட்டவில்லை. மூத்த பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதும் இதே கதைதான். வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காகவோ சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் அதைப் பள்ளி வாசலில் நின்று எடுத்துச் சொல்ல, உடன் ஓர் ஆள் வர வேண்டியிருக்கிறது.

வந்தாரை வாழவைக்கும் ஊர் என்று நாம் பெருமை பேசிக்கொள்கிறோம். அந்தப் பெருமையில் பாதியை, வந்தவர்கள் ஒருவரையொருவர் வாழவைத்துக்கொண்ட கணக்கில்தான் எழுத வேண்டும் என்பது என் எண்ணம். பர்மாவில் 1962இல் ராணுவ ஆட்சி வந்து, 1964இல் கடைகள் நாட்டுடைமையாக்கப்பட்ட பிறகு, கையிலிருந்ததை இழந்து கப்பலேறித் திரும்பிய தமிழர்களில் பலர் வியாசர்பாடியில் அக்கம்பக்கமாகவே குடியமர்ந்தார்கள். ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாக இருந்ததால், தாய் கடைக்குப் போனால் பிள்ளைக்குச் சோறூட்டப் பக்கத்து வீட்டில் ஆள் இருந்தது. பர்மா பஜார் பக்கம் இன்றைக்கும் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸும் வாழைத்தண்டு சூப்பும் விற்கும் தள்ளுவண்டிகள், அவர்கள் கூட்டாக வேரூன்றியதன் அடையாளம். மொழியும் கைகொடுத்தது, ஒடியாக் குடும்பங்களுக்கு அந்த வசதி இல்லை.

அக்கம்பக்கத்தில் ஆள் தெரிந்திருப்பதை வசதி என்று சொல்வதுகூடத் தவறு, சில நேரங்களில் அது உயிர்ப் பிரச்சினை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து எண்ணூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். அந்த நேரத்தில் யாரும் பட்டியல் வைத்துக்கொண்டு கதவைத் தட்டுவதில்லை. பெயர் தெரிந்த வீட்டின் கதவைத்தான் கை முதலில் தட்டும்.

அப்படிப் பெயர் தெரிந்தவராவது எப்படி? உதவி செய்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எங்கள் தெருவிலும் பழைய துணி கொடுத்தோம், நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். அந்தப் பெண் கைகூப்பி வாங்கிக்கொண்டாரே தவிர, படியேறி ஒருமுறையும் வந்ததில்லை. மாற்றம் வந்தது வீட்டுக்கார அம்மாவால். மூட்டு வலிக்கு வைத்தியம் பார்க்கப் போகிற அவசரத்தில், "ஏம்மா, எம் பேத்திய ஸ்கூல்லேந்து கூட்டினு வந்துடுறியா?" என்று அவரிடம் கேட்டுவிட்டார். கூட்டிவந்ததோடு நிற்காமல், சிறுமிக்குத் தலைவாரிச் சோறும் போட்டு உட்கார வைத்திருந்தார். நீரூற்றிய சோறு, தயிர், வதக்கிய உருளைக்கிழங்கு. அவர்கள் அதைப் பகாளா என்கிறார்கள். எங்கள் வீட்டுக்கார அம்மா பார்த்த மாத்திரத்தில் தம் வீட்டுப் பழையது என்று உரிமை கொண்டாடி ஒரு வடுமாங்காயை எடுத்துவந்து வைத்தார். வாங்கிக்கொண்டே இருப்பவர் விருந்தாளியாகத்தான் இருக்க முடியும். நம்மிடமும் ஒருவர் நம்பி ஒன்றைக் கேட்டால்தான், உரிமையோடு திருப்பிக் கேட்க வாய் வருகிறது. அடுத்த வாரமே கறிவேப்பிலை கேட்டு அவர் மாடிக்கு வந்தார்.

பள்ளியிலும் இதையே செய்யலாம் என்று தோன்றுகிறது. பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. நான் உட்காரும் குழுவில் இதுவரை வெளிமாநிலப் பெற்றோர் ஒருவரும் இருந்ததில்லை. அவர்கள் பள்ளிக்கு வந்தால், ஆசிரியர் சொல்வதைப் பெற்ற தாய்க்கு எட்டு வயதுப் பிள்ளையே மொழிபெயர்க்கிறது, தன்னைப் பற்றிய புகார் உட்பட. (எதை விட்டுவிட்டுச் சொல்லியிருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.) அடுத்த முறை குழுவை மாற்றி அமைக்கும்போது நீங்கள் நிற்க வேண்டும் என்று கீழ்வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, குழு கூடும் வெள்ளிக்கிழமை மதியம் தனக்கு வேலை நேரம் என்றும், கூட்டத்தை மாலைக்கு மாற்றினால் தன்னோடு இன்னும் இரண்டு தாய்மார்களை அழைத்து வருவதாகவும் சொன்னார். தலைமையாசிரியரிடம் பேசியிருக்கிறேன்.