பூனைக்குப் புழுப்புண்: ஊற்றச் சொன்னதும் ஊற்றக் கூடாததும்

கழுத்தில் சண்டைக்காயம் பட்டு, சீழ் கட்டி, அதில் புழுவும் வைத்துவிட்ட கடுவன் பூனை ஒன்றை ஒருவழியாகத் தேற்றிவிட்டோம். புண் மூடிவிட்டது, முடியும் முளைக்கிறது. புழு எடுத்தது பெரிய வேலையே இல்லை. புழுவுக்கு என்று ஆளாளுக்கு நீட்டிய மருந்துகளிடமிருந்து பூனையைக் காப்பாற்றியதுதான் பெரும்பாடு. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பூனை வைத்திருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் வில்லங்கம் மருந்துக்கடையில். புழுப்புண் என்றதுமே கடைக்காரர் கை மாட்டு ஸ்பிரேக்குப் போகிறது. பூனைக்கு என்றால், "எல்லாம் ஒண்ணுதாண்ணே, அடிங்க" என்கிறார். ஒன்றல்ல. பூனை மேலே படும் எதையும் நக்கி விழுங்கிவிடும். ஃபீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி அதன் ஈரலுக்கு மிகக் குறைவு. அதனால் டெட்டால், பினாயில், டர்பன்டைன், பாச்சை உருண்டை, கற்பூரம், மண்ணெண்ணெய் எதுவுமே கிட்ட வரக் கூடாது. புகையிலையும் சுண்ணாம்பும் அப்படித்தான். நாய்க்கான உண்ணி மருந்து தந்தால் லேபிளைப் படியுங்கள். பெர்மெத்ரின் என்றிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூனைக்கு நடுக்கம் வந்து வலிப்பில் முடியும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அரை மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

கரையில் இன்னொரு வைத்தியம்: "கடல்தண்ணிய ஊத்துங்க தம்பி, புழு தன்னால வந்துரும்." புண் கழுவும் சலைனில், அதாவது சுத்தமான உப்புக்கரைசலில், லிட்டருக்கு 9 கிராம் உப்பு. கடல்நீரில் 35 கிராம் அளவுக்கு இருக்கும். எரிச்சல் ஒருபக்கம் இருக்கட்டும், மீன் கழுவிய கழிவு கலக்கிற கரையோரத் தண்ணீரில் கிருமிக்கா பஞ்சம்? மருந்துக்கடையில் நார்மல் சலைன் அரை லிட்டர் பாட்டிலாகவே கிடைக்கிறது. அதுவும் இல்லையென்றால், கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் தட்டையாக ஒரு டீஸ்பூன் உப்பு போதும்.

அடுத்தது கால்நடை மருந்தகம். போன நேரத்தில் டாக்டர் கோமாரி தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தார். இருந்த உதவியாளர் புழுவைக் கொல்லும் ஐவர்மெக்டின் ஊசியை எடுத்து, "கால் மில்லி போட்டுரலாம்" என்றார். அது மாட்டுக்கான மருந்து. ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கிறது. பூனைக்குப் பொதுவாகக் கணக்கிடுவது கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். மூன்று கிலோ பூனைக்கு 0.06 மில்லி, அதாவது 100 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் 6 யூனிட். கால் மில்லி என்பது அதைப் போல நான்கு மடங்கு! வேண்டாம் என்று திரும்பியதில் அன்றைய அலைச்சல் வீண்தான், ஆனாலும் அதில் வருத்தமில்லை. வீட்டில் நீங்களே ஊசி போட இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. போடுகிறவர் எவ்வளவு இழுக்கிறார் என்று பார்க்கத்தான். குட்டிக்கு இந்த ஊசியைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். கிளம்பும் முன் போன் போட்டு டாக்டர் இருக்கிறாரா என்று கேளுங்கள், பூனையின் எடையும் தெரிந்திருக்கட்டும். மீன் ஏலக்கடைத் தராசில் கூடையோடு வைத்து, கூடையின் எடையைக் கழித்தால் சரியாக வந்துவிடும்.

இனி புழு எடுப்பது. கருவாட்டுக் களம் பக்கத்தில் இருந்தால் ஈக்குக் குறைவில்லை. முட்டை புண்ணோரத்து முடியில் ரவை ஒட்டியது போல இருக்கும், ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். பூனையைத் துண்டில் சுற்றி ஒருவர் பிடிக்க, இன்னொருவர் வேலை பார்க்க வேண்டும். வெட்டும் முடி புண்ணுக்குள் விழாமல் இருக்க, முதலில் புண்ணில் தண்ணீரில் கரையும் மருத்துவ ஜெல்லி தடவி, பிறகு சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு முடியை வெட்டுங்கள். ஜெல்லியைக் கழுவிவிட்டு, புண் வாயை வாசலினால் மூடிப் பத்து நிமிடம் பொறுங்கள். புழு பின்பக்கத்தால்தான் மூச்சு விடும், தலை சதைக்குள் இருக்கும். மூச்சு முட்டியதும் வால் முனை மேலே எழும். மழுங்கிய முனையுள்ள இடுக்கியால் பிடித்து நேராக, மெதுவாக இழுக்க வேண்டும். நசுங்கினாலோ பாதி அறுந்தாலோ உள்ளே தங்கிய துண்டு மறுபடி சீழாகும். எடுத்ததைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மணலில் வீசினால் கூட்டுப்புழுவாகி ஈயாகத் திரும்பி வரும்.

வெளியே தெரியும் ஓட்டை சிறிதாக இருக்கும், தோலுக்கு அடியில் பை பெரிதாகப் போயிருக்கும். மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் உள்ளே நெளிவது தெரியும். ஊசி கழற்றிய 20 மில்லி சிரிஞ்சில் வெதுவெதுப்பான சலைனை ஏற்றி, திரும்பி வரும் தண்ணீர் தெளியும்வரை அடியுங்கள். அடித்தது வெளியே வராமல் தோல் உப்பினால் நிறுத்திவிடுங்கள், அந்தப் பையை டாக்டர்தான் திறக்க வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் வளர்ந்து வரும் நல்ல சதையையும் அது அரித்துவிடும். கடைசிக் கழுவலுக்குப் பீட்டாடின் போதும்: 10 சதவீதக் கரைசல் 1 மில்லி, சலைன் 100 மில்லி.

பெரும்பாலோர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். காலையில் சுத்தமாக இருந்த புண்ணில் சாயங்காலம் மறுபடி புழு தெரியும். தப்பிய முட்டைகள் பொரித்திருக்கும், ஆழத்தில் இருந்தவை மேலே வந்திருக்கும். பேன் சீப்பால் சுற்றுமுடியை வாரிவிட்டு, காலையும் மாலையும் திறந்து பாருங்கள். மஞ்சளைக் குழைத்து அப்பாதீர்கள். மேலே பொருக்குத் தட்டி உள்ளே சீழ் தேங்கும். சீழ் வடியும் புண்ணுக்கு உடனே தையல் போடும்படி டாக்டரை வற்புறுத்தவும் வேண்டாம். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் கழுத்துப்பட்டை வெட்டி, விளிம்பில் டேப் ஒட்டினால் நக்க முடியாது. ஈ உட்காராமல் இருக்க, பூனை படுக்கும் பெட்டிக்கு மேல் கொசுவலை.

பிறகு டாக்டர் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாடிக் எழுதித் தந்தார். புண் காய்ந்ததும் பாதியில் நிறுத்தாமல் சொன்ன நாள்வரை கொடுத்தாயிற்று. டாக்ஸிசைக்ளின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் எழுதித் தந்தால் ஒன்று கவனம்: வெறும் மாத்திரை தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும், பின்னாலேயே 5 மில்லி தண்ணீர் ஊட்டுங்கள்.

சாப்பாட்டை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே தனி நோயாகும். அப்போது மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகு மீன் கிடைக்கவில்லை. நாட்டுப்படகில் வந்த சாளையை உப்பு, வெங்காயம் இல்லாமல் வேகவைத்து, முள் நீக்கி, சூட்டோடு வைத்தால் வாசனைக்கே எழுந்து வந்தது.

ஈறு வெளுத்து, காது சில்லிட்டிருந்தால் வீட்டில் புழு எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். கண், மூக்கு, ஆசனவாய் ஓரத்துப் புண்ணும் அப்படியே. நேராக டாக்டரிடம், உள்ளூரில் இல்லையென்றால் ராமநாதபுரம், அதுவும் முடியாவிட்டால் மதுரை.

வலியில் பூனை கடிக்கும், வளர்த்த பூனையும் கடிக்கும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பூனைக்கடிக்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி உண்டு. அரசு மருத்துவமனைகளில் 0, 3, 7, 28ஆம் நாள்களில் தோலுக்குள் போடுகிறார்கள். "பூனைதானே" என்று அங்கே யாராவது சிரித்தாலும் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.