அம்மம்மாவின் கதைகளும் ஒரு மைக்கும்: ஏழாவது வாரம்

அம்மம்மா சொல்லும் ஊர்க்கதைகளை நல்ல தரத்தில் பதிந்து வைக்கவேண்டும் என்று தொடங்கி ஏழு வாரம் ஆகிறது. வீடு கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில். ஒரு பக்கம் பஸ் ஹோர்ன், மறுபக்கம் கரையோர ரயில், இடையில் காகங்கள்.

முதலில் வாங்கியது மலிவான கொண்டென்சர் மைக், மெல்லிய சத்தத்தையும் பிடிக்கிற வகை. அதற்கு 48 வோல்ட் ஃபாண்டம் பவர், அதாவது மைக் வயர் வழியாகவே போகும் மின்சாரம், வேண்டும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஸ்கார்லெட் சோலோ இன்டர்ஃபேஸ் அதைக் கொடுக்கும். ஹெட்போனில் கேட்டால் அம்மம்மாவின் மூச்சுக்கூடத் தெளிவு. கூடவே ஃபேன், ரயில், பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் தெளிவு. ஃபேனை நிற்பாட்டினால் அவவுக்கு வேர்த்துக் கொட்டும். இரண்டு வாரம் இப்படியே போனது.

பிறகு ஒரு நண்பனிடம் ஷூர் எஸ்எம்58 இரவல் வாங்கினேன். 1966இல் வந்த டைனமிக் மைக் (ஃபாண்டம் பவர் தேவையில்லாத வகை), இன்றைக்கும் கோயில் திருவிழா மேடைகளில் பார்க்கலாம். வெளிச்சத்தம் சட்டென்று குறைந்தது. டைனமிக் என்பதால்தான் என்று நினைத்தேன். சந்தேகம் வந்து, இரண்டு மைக்கையும் வாயிலிருந்து ஒரே தூரத்தில் வைத்து, குரல் ஒரே அளவில் வரும்படி கெயினை (சத்தத்தைப் பெருக்கும் அளவை) சரிசெய்து கேட்டேன். வித்தியாசம் நான் நினைத்ததில் பாதிகூட இல்லை. விஷயம் தூரத்தில் இருக்கிறது: மைக்குக்கும் வாய்க்கும் உள்ள இடைவெளியைப் பாதியாக்கினால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும், வீதிச் சத்தம் இருந்த அளவிலேயே நிற்கும். கொண்டென்சரை முன்பு ஒரு முழம் தள்ளி வைத்திருந்தேன்!

கடைசியில் டைனமிக்கையே தெரிவுசெய்தேன். நாலு விரல் தூரத்தில் வைத்தாலும் ‘ப’ எழுத்து அவ்வளவாக வெடிக்காது. கிட்ட வைத்தால் குரலின் அடிப்பகுதி கொஞ்சம் தடிக்கும். மெலிந்துபோன அம்மம்மாவின் குரலுக்கு அது வடிவாகப் பொருந்தியது. நான் வாங்கியது பெரிங்கர் எக்ஸ்எம்8500. எஸ்எம்58இன் விலையில் அரைவாசிகூட வராது. பேச்சுக்கு இது தாராளம். கெயினை நன்றாக ஏற்றவேண்டும், அவ்வளவுதான். மிச்சக் காசைப் பாரமான ஸ்டாண்டுக்குப் போட்டேன். ஆடுகிற ஸ்டாண்டின் ஒவ்வொரு அசைவும் பதிவில் கேட்கும்.

முட்டை அட்டை ஒட்டச் சொன்னவர்கள் பலர். அந்த மெல்லிய அட்டை வீதிச் சத்தத்தை மறிக்காது. அம்மம்மாவின் முதுகுக்குப் பின்னால் மெத்தையை நிறுத்தி, அலுமாரிக் கதவைச் சேலைகளோடு திறந்து வைத்தேன். டைல்ஸ் அறையின் எதிரொலி நன்றாக அடங்கிவிட்டது. பதிவது ஒடாசிட்டி என்ற மென்பொருளில், இலவசம். 24 பிட் தரத்தில் பதிந்து, சத்தம் உடைந்துபோகாதபடி உச்சம் -12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்றுதான் சரிவராமல் இருந்தது. “அம்மம்மா, மைக்கைப் பார்த்துக் கதையுங்கோ” என்று எத்தனை தரம் சொன்னாலும் அவ என் முகத்தைப் பார்த்துத்தான் கதைப்பா. அதனால் நான் மைக்குக்கு நேர் பின்னால் போய் இருந்தேன். இது கார்டியாய்ட் மைக், அதாவது முன்பக்கச் சத்தத்தையே அதிகம் பிடிக்கிற வகை; பின்பக்கத்தைத்தான் மிகக் குறைவாகப் பிடிக்கும், என் “ம்ம்” கொட்டலும் அடங்கிவிட்டது.

நேற்று நாற்பது நிமிடம் ஒரே மூச்சாகப் பதிந்தோம். நடுவில் பாண் (ரொட்டி) விற்கிற ஆட்டோ மெட்டோடு போனது. “தம்பி, பாண் வாங்கேல்லையே?” என்று கேட்டுவிட்டுக் கதையைத் தொடர்ந்தா. அந்த இடத்தை வெட்டாமல் வைத்திருக்கிறேன்.