ஆம்னி வேனை டிராக்கில் ஓட்டத் தயார்செய்தபோது

எங்கள் பேக்கரிக்குப் பதினோரு ஆண்டுகள் ரொட்டித் தட்டுகளைச் சுமந்த 2006-ஆம் ஆண்டு மாருதி ஆம்னி, கடைக்குப் புது வண்டி வந்த பிறகு வேப்பமரத்தடியில் சும்மா நின்றுகொண்டிருந்தது. அதைப் பழைய இரும்புக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. கோயம்புத்தூரில் பிறந்து, செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலியோரம் நின்று பந்தயம் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த வேனையே டிராக் டேக்குத் தயார்செய்தால் என்ன என்ற எண்ணம் ஒருநாள் வந்தது. வந்த பிறகு அது போகவே இல்லை. டிராக் டே என்பது பந்தயம் அன்று. கட்டணம் செலுத்தி, தலைக்கவசம் அணிந்து, சொந்த வண்டியைப் பந்தயத் தளத்தில் முறைப்படி ஓட்டிப் பார்க்கும் நாள். அங்கே ஓட்டுபவருக்குப் போட்டி அவருடைய முந்தைய சுற்று மட்டுமே.

நண்பர்கள் எல்லோரும் எஞ்சினைப் பற்றியே கேட்டார்கள். ஜிப்சியின் 1,300 சிசி எஞ்சினை ஏற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இந்த வண்டியில் இருப்பது 796 சிசி, மூன்று சிலிண்டர், 35 குதிரைசக்தி அளவிலான எஞ்சின். மாருதி 800 காரில் இருந்த அதே குடும்பத்து எஞ்சின்தான். அதை இளக்காரமாகப் பேசுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. எங்கள் ஊர்க்காரரான கரிவர்தன் 1980-களின் இறுதியில் உருவாக்கிய ஃபார்முலா மாருதி ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களின் முதுகில் இருந்ததும் மாருதி 800-இன் எஞ்சின்தான். செட்டிப்பாளையத் தளம் 2003-இல் திறக்கப்பட்டபோது அவர் பெயரையே தாங்கியது. எனவே எஞ்சினைத் தொடுவதில்லை என்று முதல் நாளே முடிவெடுத்தேன். இந்த வேனின் உண்மையான பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது.

ஆம்னியின் மூலம் 1979-இல் ஜப்பானில் வந்த சுசூகி கேரி. ஜப்பானின் சிறுவாகன விதி அந்தக் காலத்தில் வண்டியின் அகலத்தை 1.4 மீட்டருக்குள்ளும் நீளத்தை 3.2 மீட்டருக்குள்ளும் கட்டிப்போட்டிருந்தது. 1984-இல் மாருதி வேனாக இங்கே வந்து, 1988-இல் ஆம்னி என்று பெயர் மாறி, 2019-இல் உற்பத்தி நிறுத்தப்படும் வரை அந்த ஒடுங்கிய உடல்வாகு மாறவே இல்லை. உயரம் 1.64 மீட்டர்; இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரமோ ஏறத்தாழ 1.2 மீட்டர்தான். எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருப்பதால் ஓட்டுநர் அதன்மேல், முன் சக்கரங்களுக்கு நேர் மேலே, ஸ்டூலில் உட்கார்ந்ததைப்போல உட்கார்ந்திருக்கிறார். இப்படிப்பட்ட வண்டி வளைவில் வேகமாகத் திரும்பினால் சறுக்குமா, கவிழுமா என்பதுதான் முதலில் விடை காண வேண்டிய கேள்வி.

எங்கள் வண்டியை ஆரம்பத்திலிருந்து பார்த்துவரும் மெக்கானிக் அண்ணனிடம், நன்றாகப் பிடிக்கும் பந்தய டயர்களைப் போடலாமா என்று கேட்டேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இப்ப இருக்கிற டயருக்கு வண்டி சறுக்கும். நீங்க சொல்ற டயரைப் போட்டீங்கன்னா சறுக்காதுங்க, கவுந்துரும்." அவர் அனுபவத்தில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைக் கணக்குப் போட்டுச் சரிபார்க்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

கணக்கு எளிமையானது. இடது வலது சக்கர இடைவெளியில் பாதியை, வண்டியின் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளியான ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணும், டயருக்கும் தாருக்கும் இடையிலான உராய்வின் எண்ணும் ஒன்றுக்கொன்று எதிரிகள். உராய்வு எண் சிறியதாக இருந்தால் வண்டி சறுக்கித் தப்பிக்கும். பெரியதாகிவிட்டால் டயர் விடாமல் பிடித்துக்கொள்ள, வண்டி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ளும். சாதாரண டயருக்குக் காய்ந்த தாரில் உராய்வு எண் சுமார் 0.8, பந்தயத்துக்கென்று வரும் மென்மையான டயர்களுக்கு அது 1-ஐத் தொடும், தாண்டவும் செய்யும். ஆகவே எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஈர்ப்பு மையத்தின் உயரம் ஒன்றுதான்.

அதை அளக்க, தெரிந்தவர் ஒருவரின் பழைய இரும்புக் கடையிலிருந்து 300 கிலோ தாங்கும் மேடைத் தராசுகள் இரண்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவல் வாங்கினேன். முன் சக்கரங்களைத் தராசுகளின் மேல் ஏற்றி, ஸ்பிரிங்குகள் அமுங்காதபடி மரக்கட்டைகளைச் செருகி இறுக்கி, வண்டியை நியூட்ரலில் விட்டு நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொள்ள, தம்பி எடையைப் படித்து எழுதினான். பிறகு பின் சக்கரங்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, 46 சென்டிமீட்டர் உயரத்துக்கு அடுக்கிய கட்டைகளின் மேல் நிறுத்தி மறுபடியும் படித்தான். வண்டி முன்னோக்கிச் சாயும்போது மேலே இருக்கும் எடை முன் சக்கரங்களுக்கு வந்து சேரும். எவ்வளவு வந்து சேருகிறது என்பதைக்கொண்டு அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். என்னோடு சேர்த்து 850 கிலோ இருந்த வண்டியில் 48 கிலோ முன்னே நகர்ந்தது. சக்கர அடிமானம், அதாவது முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம், 1.84 மீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 66 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. 60-ஐ 66-ஆல் வகுத்தால் 0.91. வளைவில் உடல் சாய்வதையும் ஸ்பிரிங் அமுங்குவதையும் கழித்தால் அது இன்னும் குறையும். மெக்கானிக் அண்ணன் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. சாதாரண டயரோடு இந்த வேன் பாதுகாப்பின் விளிம்பில் நிற்கிறது. நல்ல டயர் போட்டால் விளிம்பைத் தாண்டிவிடும்.

அதனால் டயர் அளவை மாற்றவே இல்லை. அதே 145 அகலம், அதே 12 அங்குலம், சாதாரண ரேடியல். சிறிய வேன்களை இப்படி மாற்ற நினைக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். கார்களுக்கு எது முதல் செலவோ, அது இந்த வண்டிக்கு ஆபத்து.

அடுத்த வேலை உயரத்தைக் குறைப்பது. முன்பக்கத்துக்கு நீளம் குறைந்த, கடினத்தன்மை கூடிய சுருள் ஸ்பிரிங்குகளைச் செய்து வாங்கினேன். இருக்கிற ஸ்பிரிங்கைக் கேஸ் வெல்டிங் நெருப்பில் அறுத்துக் குட்டையாக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. சூடுபட்ட இடத்தில் எஃகு தன் பதத்தை இழந்துவிடும் என்பதால் அதைச் செய்யவே கூடாது. பின்பக்கம் இருப்பது பட்டை ஸ்பிரிங். கோயம்புத்தூரின் கணபதி பகுதியில் லாரிப் பட்டைகளுக்கு வளைவு எடுக்கும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த பெரியவர் பட்டைகளைக் கழற்றி, தரையில் சுண்ணாம்புக் கட்டியால் பழைய வளைவையும் வேண்டிய வளைவையும் வரைந்து, சூடாக்காமல் சுத்தியலால் பச்சையாகவே தட்டித் தட்டி, ஒவ்வொரு பத்து அடிக்கும் ஒருமுறை கோட்டின்மேல் வைத்துப் பார்த்து இறக்கினார். இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லாமல் வந்தது. வண்டி 5 சென்டிமீட்டர் இறங்கியது.

எடையைக் குறைப்பதில் எவ்வளவு கழற்றுகிறோம் என்பதைவிட எங்கிருந்து கழற்றுகிறோம் என்பதே முக்கியம். தலைக்குமேல் இருந்த கேரியர், கூரையின் உள்விரிப்பு, பின்பக்கவாட்டுக் கண்ணாடிகள் ஆகியவற்றைத்தான் முதலில் எடுத்தேன். கண்ணாடிகளுக்குப் பதிலாகப் பாலிகார்பனேட் தகடுகள் வந்தன. பிறகு தரைவிரிப்பு, இடப்பக்க இருக்கை, பின் இருக்கைகள். பக்கவாட்டு நகரும் கதவு ஓட்டத்தில் திறந்துகொள்ளாதபடி கூடுதலாக ஒரு கொக்கி போட்டேன். அதைப் போல்ட் போட்டு மூடிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். வெளியிலிருந்து ஒருவர் என்னை இழுத்து எடுக்க வேண்டிய நிலை வந்தால் அந்தக் கதவுதான் வழி என்பதால் மறுத்துவிட்டேன்.

வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநர் நசுங்காமல் காக்கும் எஃகுக் கூண்டு இல்லாமல் இந்த வண்டியை டிராக்குக்குக் கொண்டுபோவதை நான் யோசிக்கவே இல்லை. சர்வதேச மோட்டார் விளையாட்டு விதியில் உள்ளபடி, ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட, தையலில்லாத எஃகுக் குழாய். மற்றவற்றுக்கு 38 மில்லிமீட்டர். கூண்டு மட்டும் 41 கிலோ. அதில் பெரும்பகுதி மேலே இருப்பதால் கூரையிலிருந்து நான் கழற்றிய லாபத்தைத் தின்றுவிடும் என்பது தெரிந்தும் போட்டேன். ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால் தகட்டைத் தவிர வேறொன்றும் இல்லாத வண்டி இது. இந்த இடத்தில் கிலோக் கணக்குப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

எல்லாம் முடிந்து, அதே தராசுகளில் அதே கட்டைகளோடு மறுபடியும் நிறுத்தோம். என்னோடு சேர்த்து 785 கிலோ. பின்பக்கத்தைத் தூக்கியபோது நகர்ந்தது 37 கிலோ. ஈர்ப்பு மையம் 60 சென்டிமீட்டருக்கு இறங்கியிருந்தது, 0.91 என்பது 1 ஆகியிருந்தது. மூன்று மாத வேலைக்குக் கிடைத்த பலன் வெறும் 6 சென்டிமீட்டர் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றலாம். அன்று மாலை அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது எனக்கு இருந்த மகிழ்ச்சி சொல்லி முடியாதது.

ஒரு சட்ட விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எனவே இந்த வேன் இனிமேல் சாலையில் ஓடாது. வீட்டிலிருந்து டிராக்குக்கு வேறொரு வண்டியின் மேல் ஏறித்தான் போகிறது.

முதல் நாள் ஓட்டம் பாதியிலேயே முடிந்தது. செட்டிப்பாளையத் தளம் 2.1 கிலோமீட்டர் நீளம். நீண்ட நேர்ப்பாதைகள் குறைவு, அடுத்தடுத்து வளைவுகள். உயரமான வண்டி என்பதால் மற்றக் கார்கள் வெளியே வந்த பிறகு என்னைத் தனியாக விட்டார்கள். முதல் மூன்று சுற்றுகளில் வண்டி நான் எதிர்பார்த்ததைவிட அமைதியாகத் திரும்பியது. நான்காவது சுற்றில், வேகத்தை இறக்க வேண்டிய வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தபோது மிதி பஞ்சில் கால் வைத்ததுபோல உள்ளே போயிற்று. இரண்டாம் முறை அழுத்தியும் பாதிதான் பிடித்தது. மூன்றாம் கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கி, வண்டியைத் திருப்பாமல் நேராகவே புல்வெளியில் விட்டு நிறுத்தினேன். திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னிடம் இருந்த காகிதம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. இறங்கியபோது முன் சக்கரங்களிலிருந்து கருகிய லைனர் வாசனை மூக்கைத் துளைத்தது.

காரணம் பிரேக் ஆயில். அது மூன்று ஆண்டுகளாக மாற்றப்படாதது என்பதை நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில் கொதிக்க வேண்டும் என்பது தர அளவு; ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். மிதியின் அழுத்தம் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். பேக்கரிக்கு ரொட்டி கொண்டுபோகும்போது அந்தச் சூடு ஒருநாளும் வந்திருக்காது. இப்போது டாட் 4 ஊற்றியிருக்கிறேன். அதற்கு அளவுகள் 230, 155. ஒவ்வொரு டிராக் நாளுக்கு முன்பும் முழுவதுமாக மாற்றிவிடுகிறேன்.

பிரேக்கில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அது நானே உண்டாக்கியது. பின் இருக்கைகளை எடுத்த பிறகு முன் அச்சில் 445 கிலோவும் பின் அச்சில் 340 கிலோவும் இருந்தன. குட்டையான, உயரமான வண்டியை அழுத்திப் பிரேக் பிடித்தால் ஏறத்தாழ 205 கிலோ பின்னாலிருந்து முன்னே போய்விடுகிறது. பின் சக்கரங்களில் மிஞ்சுவது 135 கிலோ. டிரம் பிரேக் அதே பலத்தோடு பிடிக்க, எடையில்லாத பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டியின் வால் ஒரு பக்கம் போகப் பார்த்தது. பின் பிரேக் குழாயில் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு வால்வு ஒன்றைப் பொருத்தினோம்.

எஞ்சினைத் தொடவில்லை என்றேனே தவிர, அதன் சூட்டைக் கவனிக்க வேண்டியிருந்தது. முழு ஆக்ஸிலரேட்டரில் பத்து நிமிடம் ஓடினால் இருக்கைக்கு அடியிலிருந்து வரும் அனல் தொடையைச் சுடும். எஞ்சின் மூடியின் உட்புறத்தில் அலுமினியத் தாள் ஒட்டிய செராமிக் பஞ்சு விரித்தோம்; கூலன்ட்டும் குழாய்களும் புதியவை. அதோடு அந்த வேலை முடிந்தது.

இரண்டாம் முறை போனபோது காலை முழுவதையும் அந்தத் திருகு வால்வுக்கே கொடுத்தேன். தளத்துக்கு உள்ளே இருந்த காலி இடத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் நேராக வந்து அழுத்தி நிறுத்துவது, இறங்கித் தாரில் விழுந்த கறுப்புக் கோடுகளைப் பார்ப்பது, வால்வை அரைச் சுற்று திருப்புவது, மறுபடி வருவது. முன் சக்கரங்களின் கோடு முதலில் தொடங்கி, பின் சக்கரங்களின் கோடு விழாமலே வண்டி நிற்கும் நிலை ஏழாவது முறையில் கிடைத்தது; அந்த இடத்தில் வால்வின்மேல் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்தேன். டயர்களில் குளிர்ந்த நிலையில் 28 பவுண்டு காற்று. பிற்பகல் ஓட்டத்தில், முதல் நாள் ஒரு சுற்றுக்கு ஆன 1 நிமிடம் 52 விநாடி, 1 நிமிடம் 46 விநாடியாகக் குறைந்தது. மெதுவான வளைவுகளில் முன் டயர்கள் மெல்லக் கீச்சிட்டு வண்டியை வளைவின் வெளிப்பக்கம் தள்ளின. உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழவில்லை என்று வேலியோரம் நின்று பார்த்த தம்பி ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

வண்டியை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது மெக்கானிக் அண்ணனின் பட்டறை வாசலில் நிறுத்தினேன். அவர் குனிந்து டயர்களின் ஓரத்தில் கையை ஓட்டி, ரப்பர் எதுவரை தேய்ந்திருக்கிறது என்று தடவிப் பார்த்தார். பக்கச் சுவருக்கு ஒரு விரல் அகலம் முன்பே தேய்மானம் நின்றிருந்தது. "இன்னும் ரெண்டு பவுண்டு ஏத்திப் பாருங்க தம்பி" என்றார்.