யார் அங்கே இருந்தால் உனக்குப் பேச வராது?

போன ஞாயிற்றுக்கிழமை 14 பெண்கள் ஒரு மணி நேரம் வீடியோவில் உட்கார்ந்து, கோவையில் இருக்கும் ஒரு வக்கீல் அம்மாவிடம் பேசினார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் 11 நாள் போனும் கையுமாகத் திரிந்தேன். "லிங்க் அனுப்பினா வந்துட்டுப் போறாங்க, இதுக்கு எதுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அப்போது பதில் சொல்லத் தெம்பு இல்லை. இங்கே சொல்கிறேன்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பட்டா, முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டு என்று மனு அடிக்க வருகிறவர்களில் மாதம் ஒருத்தியாவது, கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து, "அக்கா, இன்னொரு மனு இருக்கு" என்று ஆரம்பிப்பாள். அது வீட்டில் வாங்கும் அடியைப் பற்றியதாக இருக்கும். குடும்ப வன்முறைச் சட்டம் 2005ல் வந்து, 2006 அக்டோபரிலிருந்து அமலில் இருக்கிறது. பெண் என்றால் வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு, 15100க்குப் போன் போட்டால் வழி சொல்வார்கள், பெண்களுக்கான உதவி எண் 181ம் இருக்கிறது. பாதிப் பேருக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்து என்ன, ஊட்டிக்கு பஸ் ஏறிப் போய் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், எங்கே போனாய், யாரைப் பார்த்தாய் என்ற கேள்வி வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். அதனால்தான் வீடியோவில் கூடலாம் என்று நாங்கள் நாலைந்து பேர் இறங்கினோம்.

முதல் கூட்டம் 2020 ஏப்ரல் ஊரடங்கில். லிங்க்கை ஒரு வாட்ஸாப் குழுவில் போட்டோம். முட்டாள்தனம், எங்களுடையதுதான். அது எங்கெங்கோ சுற்றி, பேச ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் யாரென்றே தெரியாத மூன்று ஆட்கள் உள்ளே வந்து, ஒருவன் திரையில் அசிங்கப் படத்தை ஓட்டிவிட்டான். மைக்கில் சிரிப்பு. எனக்குக் கை நடுங்கி எந்தப் பட்டனை அமுக்குவது என்றே தெரியவில்லை. அன்றைக்கு வந்த ஒன்பது பேரில் ஆறு பேர் அதற்கப்புறம் எங்கள் போனை எடுக்கவே இல்லை. கடவுச்சொல் போட்டிருந்தோமே என்று வெகுநாள் புலம்பினேன். லிங்க்குக்குள்ளேயே கடவுச்சொல்லும் ஒட்டிக்கொண்டு போகும், வீட்டு விலாசத்தோடு சாவியையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி என்பது அப்புறம்தான் உறைத்தது.

அந்த ஏப்ரலில் உலகம் முழுக்க இதே கூத்துதான். நாங்கள் கூடுகிற ஜூம் செயலி அந்த மாதம்தான் கடவுச்சொல்லும், நடத்துபவர் விடும்வரை ஆளை வெளியே நிறுத்தும் காத்திருப்பு அறையும் தானாகவே இருக்கும்படி மாற்றியது. உள்துறை அமைச்சகமும் அதே மாதம் ஒரு அறிவுரை வெளியிட்டது: ஒவ்வொரு கூட்டத்துக்கும் புது எண், புதுக் கடவுச்சொல், காத்திருப்பு அறை, திரையைப் பகிர நடத்துபவருக்கு மட்டும் அனுமதி, எல்லோரும் வந்ததும் பூட்டு, வெளியேற்றிய ஆள் திரும்ப நுழைய முடியாதபடி இன்னொரு பூட்டு. இன்றைக்கும் பட்டன் வேலை இவ்வளவுதான். அரை மணியில் பழகிவிடலாம், கட்டாயம் பழக வேண்டும், அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஏனென்றால் அந்தப் பூட்டெல்லாம் தெருவில் போகிறவனுக்கு. எங்கள் பெண்களுக்குத் தெருவில் போகிறவனிடம் பயம் இல்லை, பக்கத்து அறையில் இருக்கிறவனிடம்தான்.

அதனால் இப்போது கூட்டத்துக்கு முன்னால் ஆளுக்கொரு போன். (இங்கே எழுதும் சாக்குகள், பெயர்கள் எதுவும் நாங்கள் நிஜத்தில் வைத்தவை இல்லை. படிக்கிறவர்களில் யாருடைய புருஷன் இருக்கிறான் என்று எனக்கென்ன தெரியும்?) முதல் கேள்வி, "இப்ப பேசலாமா?" அடுத்து வருகிற கேள்விகளும் ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிகிற மாதிரி. வேறு யாராவது எடுத்தால் நான் மகளிர் குழுத் தவணைக்காகப் பேசுகிறவள். இந்த மலையில் குழுத் தவணை இல்லாத பெண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஒரு மாமியார் என்னை நிஜக் குழுக்காரி என்றே நம்பி, வட்டிக் கணக்கைக் கேட்டுக் கால் மணி நேரம் வறுத்தெடுத்தார். கேட்டுக்கொண்டேன்.

அப்புறம், போன் யாருடையது. "என்னதுதான் அக்கா" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கொஞ்சம் தோண்டினால் பேட்டர்ன் மகனுக்குத் தெரியும், ரீசார்ஜ் அவர் போடுவது, ஜிமெயில் இரண்டு போனிலும் ஒன்றே. சில போன்களில் பேசுவதெல்லாம் தானாகவே ரெக்கார்ட் ஆகிக்கொண்டிருக்கும், அதையும் பார்க்கச் சொல்வேன். வாட்ஸாப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்று ஒரு இடம் இருக்கிறது. இந்த முறை ஒருத்தி அதைத் திறந்து, "ஏதோ கம்ப்யூட்டர்னு காட்டுதுக்கா" என்றாள். அவள் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. அதை உடனே எடுத்துவிடு என்று நாக்கு நுனி வரை வந்தது, சொல்லவில்லை. எடுத்தால், எடுத்தது அவனுக்குத் தெரியும், அன்றைக்கு ராத்திரியே அதில்தான் ஆரம்பிப்பான். அந்தப் போன் அப்படியே இருக்கட்டும், அதில் நம்மைப் பற்றி ஒரு எழுத்தும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை உங்க அக்கா வீட்டுப் போனில் வா என்றேன்.

ஆதார் நகல் வாங்கி வைத்துக்கொள்ளலாமே, போலி ஆள் வராதே என்று எங்களில் ஒருவர் சொன்னார். நான் ஜெராக்ஸ் கடைக்காரி. ஆதார் நகல் எங்கெல்லாம் கிடக்கும், அதில் எப்படி வடை மடித்துத் தருவார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருத்தி யாரென்று தெரிய அவளை எங்களிடம் அனுப்பிய அங்கன்வாடி டீச்சரையோ நர்ஸையோ கேட்டால் போதும். இந்தப் பெண்களின் பெயரும் நம்பரும் முகமும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடப்பதை விட ஆபத்து வேறென்ன?

இனி நிஜமான தலைவலி. மலையில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். அரவேனுவில் பெண் எடுத்தவன் சோலூர்மட்டத்தில் கொடுத்திருப்பான். யார் யார் வருகிறார்கள் என்று ஒருத்தியிடம் சொல்ல முடியாது, சொல்லாமல் விட்டால் கேமராவைத் திறந்ததும் எதிரே கொழுந்தன் பெண்டாட்டி உட்கார்ந்திருப்பாள். ரொம்ப நாள் இதற்கு வழி தெரியாமல் இருந்தோம். கடைசியில் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்பது என்று வைத்தோம்: யார் அங்கே இருந்தால் உனக்குப் பேச வராது? பெயர் சொல்லு, அவங்க வராங்களா இல்லையா என்று நான் சொல்ல மாட்டேன், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தத் தடவை ஒருத்தி தயங்காமல் தன் நாத்தனார் பெயரைச் சொன்னாள். அந்த நாத்தனார் எங்கள் பட்டியலில் இருந்தாள். தம்பி பெண்டாட்டியை அடிக்கிறான், அக்கா அவள் புருஷனிடம் அடி வாங்குகிறாள். இரண்டு பேருக்கும் அடுத்தவள் எங்களிடம் வந்தது தெரியாது. இதில் யாரை நிறுத்துவது? தைரியமாகப் பெயர் சொன்னவளை உள்ளே விட்டு, நாத்தனாரிடம் இந்த முறை இடம் நிறைந்துவிட்டது, அடுத்த கூட்டத்துக்குக் கண்டிப்பாக என்று பொய் சொன்னேன். "பரவால்லக்கா, நான் என்ன, இத்தனை வருஷம் இருந்தவதானே" என்றாள். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இன்னொருத்தியிடம் வரவே வேண்டாம் என்று சொன்னோம். அவள் கடைக்குப் போனால் கூட எத்தனை நிமிஷம் என்று பார்க்கிற வீடு அது. எங்கள் கூட்டமே அவளுக்கு இன்னொரு அடியாக முடியும். குழந்தைக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்கு வருகிற நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, அங்கே வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினோம்.

நேரத்தையும் நாங்களாக முடிவு செய்யவில்லை. முதலில் மாலை 6 மணி என்று நினைத்திருந்தோம். பல ஊர்களில் சிக்னல் வீட்டுக்குள் வராது, ஊருக்கு வெளியே ஒரு பாறை, ஒரு தண்ணீர்த் தொட்டி மேடு, அங்கே போனால்தான் இரண்டு கோடு தெரியும். சாயங்காலம் அந்தப் பாறைக்குக் கரடி வரும். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், தேயிலைக்குள் கரடியை நேருக்கு நேர் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். வார நாளில் இலை பறிக்கப் போக வேண்டும். ஞாயிறு 11 மணி சுமாரில் ஆண்கள் கறி வாங்க, கிரிக்கெட் ஆட, சும்மா டவுனைச் சுற்ற என்று கிளம்பிவிடுகிறார்கள். ஒவ்வொருத்தியிடமும் கேட்டு எண்ணிப் பார்த்துத்தான் அந்த நேரம்.

எங்கே உட்காரப் போகிறாய் என்பது அடுத்தது. எஸ்டேட் லயன் வீட்டில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள் அவை, இருமினால் அடுத்த வீட்டுக்காரி தண்ணீர் வேண்டுமா என்று கேட்பாள். அவர்களுக்கு இயர்போன், பேசாமல் எழுதிக் கேட்பது, முடிந்தால் வேறு வீடு. பின்னால் என்ன தெரிகிறது என்றும் பார்க்க வேண்டும். எல்லார் வீட்டுச் சுவரிலும் ஒரு மளிகைக் கடை காலண்டர் தொங்கும், கடை பெயரும் ஊரும் கொட்டை எழுத்தில். கொடியில் பிள்ளையின் ஸ்கூல் யூனிபார்ம் காயும். பின்னணியை மங்கலாக்கும் வசதி விலை குறைந்த போன்களில் திக்கித் திணறும், அதற்குப் பதில் ஒரு பழைய சேலையைக் கட்டித் தொங்கவிடு என்றால் வேலை முடிந்தது. கேமராவே வேண்டாம் என்றாலும் சரி, டேட்டாவும் மிச்சம்.

திரையில் சொந்தப் பெயருக்குப் பதில் ஆளுக்கொரு எங்கள் ஊர்க் காய்கறிப் பெயர்தான். கேரட், பீட்ரூட், முள்ளங்கி, நூக்கோல். மேரக்காய் எனக்கு வேண்டாம், அது எங்க வீட்டுக்காரர் கூப்பிடுகிற பெயர் என்று ஒருத்தி சொன்னாள், சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. காய் பெயரைப் போனில் வாயால் மட்டும் சொல்வோம். காத்திருப்பு அறையில் அந்தப் பெயர் இல்லாத ஆள், எவ்வளவு தெரிந்த பெண் பெயராக இருந்தாலும், உள்ளே வர முடியாது. லிங்க் முக்கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் போகும். நடுவில் யாராவது அறைக்குள் வந்துவிட்டால் சட்டென்று வெளியேறிவிட வேண்டும், நாங்கள் திரும்பக் கூப்பிட மாட்டோம், மறுநாள் 11 மணிக்குத்தான் போன். இதை முதல் நாள் ஒவ்வொருத்தியோடும் ஒத்திகை பார்த்தோம். மைக்கை மூடு, திற, வெளியே போ. எல்லோருக்கும் "வெளியே போ" தான் முதலில் நன்றாக வந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள்ளேயே சண்டை. 2020 அக்டோபரில் ஜூம், இரு முனைக்கும் நடுவில் யாராலும், அந்த நிறுவனத்தாலேயே கூட, கேட்க முடியாதபடி பூட்டும் வசதியைக் கொண்டுவந்தது. அதைப் போட்டால் சாதாரண போனிலிருந்து நம்பர் அடித்துச் சேர முடியாது. எங்கள் 19 பேர் பட்டியலில் இரண்டு பேரிடம் பட்டன் போன்தான். பூட்டைப் போடுவோம், அந்த இரண்டு பேருக்கும் வக்கீல் அம்மா சனிக்கிழமை தனியாகப் போனில் பேசட்டும் என்று முடிந்தது. வக்கீல் அம்மா முகம் சுளிக்காமல் ஒத்துக்கொண்டார். யாராவது இன்னொரு போனை வைத்துத் திரையைப் படம் எடுத்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்ய முடியாது, அதற்குப் பட்டன் கிடையாது. அதை எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வருகிறாயா என்று கேட்டோம்.

அன்றைக்கு வாசலில் நான், உள்ளே தடங்கல் பார்க்க இன்னொருத்தி, கரண்ட் போனால் கூட்டத்தைத் தாங்கிப் பிடிக்கக் குன்னூரில் ஒருத்தி. இலவசக் கணக்கில் 40 நிமிஷத்தில் அறுந்துவிடும், அறுந்தால் எல்லோரையும் மறுபடி வாசலில் நிறுத்திச் சரிபார்க்க வேண்டும் என்பதால் ஒரு மாதத்துக்குப் பணம் கட்டியிருந்தோம். 11:20க்குப் பூட்டினேன். 11:27க்கு முள்ளங்கியிடமிருந்து மிஸ்டு கால். திறந்திருக்கலாம், ஒரு தட்டு தட்டினால் போதும். ஆனால் அந்த நேரத்தில்தான் நூக்கோல் முதல்முறையாக வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தாள், 11:20க்கு அப்புறம் ஒரு புதுப் பெயரும் திரையில் வராது என்று அவளுக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன். திறக்கவில்லை. முடிந்ததும் பட்டியல் எழுதிய தாளைக் கணப்பில் போட்டேன்.

திங்கட்கிழமை 11 மணிக்கு முள்ளங்கியைக் கூப்பிட்டேன். சினேகிதி வீட்டுக்குப் போகிற பாதையில் காட்டுமாடு நின்றிருக்கிறது, நகரவே இல்லையாம். "அடுத்த தடவை அதுக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லி வைங்கக்கா" என்றாள். அவளையும், இடமில்லை என்று சொல்லி அனுப்பிய அந்த நாத்தனாரையும் சேர்த்து அடுத்த கூட்டத்துக்கு இப்போதைக்கு ஏழு பேர். வியாழக்கிழமையிலிருந்து போன் போட வேண்டும்.